அறுத்த கையும் தைத்த கையும்

திருவாரூர்க் கோயில் பூமண்டபத்தின் அருகே கீழே கிடந்த ஒரு பூவைப் பல்லவ அரசன் கழற்சிங்கனின் தேவி எடுத்து முகர்ந்தாள். இறைவனுக்கு உரிய பூ. அதைப் பார்த்துவிட்ட செருத்துணை நாயனார் பாய்ந்து சென்று, அவளைக் கீழே தள்ளி, முகர்ந்த மூக்கை அரிந்தார். அலறல் கேட்டு வந்த அரசன் நடந்ததை விசாரித்தான். பூவை முதலில் எடுத்தது கைதானே என்று சொல்லி, அவன் தன் பங்குக்கு அவள் கையை வெட்டினான். 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடிய பெரியபுராணம் இருவரையும் அறுபத்து மூவர் வரிசையில் வைத்துப் போற்றுகிறது. பக்தியின் தீவிரத்துக்கு எடுத்துக்காட்டாக இந்தக் கதை இன்றும் கோயில் மண்டபங்களில் சொல்லப்படுகிறது. மூக்கும் கையும் போன பிறகு அந்தப் பெண் எப்படி வாழ்ந்தாள் என்று கதை கேட்கிறவர்கள் கேட்பதில்லை.

முக அறுவை சிகிச்சையைப் பற்றிச் சமயவாதிகள் விவாதிக்கும்போதெல்லாம் ஒரே கேள்விதான் முன்னே வந்து நிற்கும். ஆண்டவன் கொடுத்த முகத்தை மாற்ற மனிதனுக்கு என்ன உரிமை? கேள்வி நியாயமானதுதான். ஆனால் அது காலங்காலமாகத் தைக்கிறவனை நோக்கியே கேட்கப்பட்டிருக்கிறது. இந்தச் சிகிச்சையின் வரலாற்றைக் கொஞ்சம் புரட்டினால் தெரிவது வேறு. மருத்துவனிடம் வந்து சேர்ந்த முகங்களில் பெரும்பாலானவற்றை அதற்கு முன்பே இன்னொரு மனிதன் மாற்றியிருந்தான். அரசன், படைவீரன், கணவன், நீதிமன்றம் என்று ஆள்தான் வேறு வேறு. அப்போதெல்லாம் படைப்பைக் கெடுக்கிறாயே என்று வாளைப் பிடித்தவனிடம் கேட்ட குரல்கள் மிகக் குறைவு.

ஏன் மூக்கு? மூக்கு போனால் உயிர் போவதில்லை. ஆள் உயிரோடு நடமாடி, பார்க்கிறவர்களுக்கெல்லாம் தன் தண்டனையைக் காட்டிக்கொண்டே இருக்க வேண்டும். பைசாந்தியப் பேரரசில் ஊனமுற்றவன் அரியணை ஏற முடியாது என்ற நம்பிக்கை இருந்தது. அதனால் 695இல் இரண்டாம் ஜஸ்டினியனைப் பதவியிலிருந்து இறக்கியவர்கள் அவனைக் கொல்லாமல் மூக்கை அறுத்து அனுப்பினார்கள். (பத்தாண்டு கழித்து, அறுந்த மூக்கோடே அவன் திரும்பி வந்து அரியணையில் அமர்ந்தது தனிக் கதை.) 1650களின் பிற்பகுதியில் மைசூர்ப் படை திருமலை நாயக்கரின் நாட்டுக்குள் புகுந்து, அகப்பட்டவர்களின் மூக்கையும் மேலுதட்டையும் சேர்த்து அறுத்தது. சேதுபதியின் துணையோடு மதுரைப் படை மைசூருக்குள் நுழைந்து அதையே திருப்பிச் செய்தது. மூக்கறுப்புப் போர் என்றே அதற்குப் பெயர். நேபாளத்தில் கீர்த்திபூர் வீழ்ந்தபோதும் இதுவே நடந்தது.

இப்படி அறுக்கிறவர்கள் நிறைந்த நிலத்தில்தான் ஒட்டுகிற கலையும் வளர்ந்தது.

சுச்ருத சம்ஹிதையின் முதற் பகுதியில் 16ஆம் அத்தியாயம் இதைச் சொல்கிறது. மூக்கின் அளவுக்கு ஓர் இலையை நறுக்கி, அந்த அளவில் கன்னத்துத் தோலைக் கீறி எடுக்க வேண்டும். முழுதாகத் துண்டித்துவிடக் கூடாது, ஒரு பக்கம் உடலோடு ஒட்டியே இருக்க வேண்டும். அந்த மடலைத் திருப்பி மூக்கின் மேல் வைத்துத் தைத்து, மூச்சுவிட இரண்டு குழாய்களைச் செருக வேண்டும். அதன் மேல் அதிமதுரம் முதலிய பொடிகளைத் தூவி, பஞ்சு வைத்து, நல்லெண்ணெயால் நனைக்க வேண்டும். தோலின் ஒரு பக்கம் உடலோடு ஒட்டியிருந்தால் இரத்த ஓட்டம் அறுபடாது, தோல் உயிரோடு இருக்கும் என்ற அறிவு இந்தச் சில வரிகளில் அடங்கியிருக்கிறது. இன்றைய முக அறுவை சிகிச்சையில் பாதி இந்த ஒரு உண்மையின் மேல்தான் நிற்கிறது.

ஆனால் அந்த அறிவைக் கையில் வைத்திருந்தவனுக்குச் சமூகம் என்ன மரியாதை கொடுத்தது? மருத்துவன் கொடுக்கும் சோறு சீழுக்குச் சமம், அவனைச் சிராத்தத்துக்கு அழைக்கக் கூடாது என்கிறது மனுதர்ம சாத்திரம். புண்ணையும் இரத்தத்தையும் தொடுகிறவன் தீட்டுப்பட்டவன். மூக்கை அறுக்கச் சொன்ன அரசனுக்கு அந்தத் தீட்டு இல்லை. இங்கே சமயம் எந்தக் கையை அசுத்தம் என்றது என்பதைக் கவனிக்காமல் கடந்து போக முடியாது. நூல் படித்தவர்களின் ஏட்டில் இருக்க, கத்தி வேறு சாதிக்காரர்களின் கைக்குப் போனது.

அந்தக் கையைத்தான் 1794 அக்டோபரில் லண்டன் உலகத்துக்குக் காட்டியது. ஜென்டில்மேன்ஸ் மேகசின் இதழில் ஒரு கடிதமும் படமும் வெளிவந்தன. காவஸ்ஜி என்ற மராட்டியர், ஆங்கிலேயப் படைக்கு மாடு ஓட்டியவர், மைசூர்ப் போரில் திப்புவின் ஆட்களிடம் பிடிபட்டு மூக்கையும் ஒரு கையையும் இழந்தவர். புனே அருகே செங்கல் அறுக்கும் சாதியைச் சேர்ந்த ஒருவர் அவருக்குப் புது மூக்கு வைத்தார். மெழுகில் மூக்கு செய்து பார்த்து, அதை நெற்றியில் தட்டையாகப் பரப்பி வரைந்து, அந்த அளவுக்கு நெற்றித் தோலைக் கீறி, புருவங்களுக்கு நடுவே மட்டும் காம்பை விட்டு, கீழே திருப்பிப் பொருத்தினார். தையல் கிடையாது. வெற்றிலையோடு மெல்லுகிற காசுக்கட்டியை நீரில் குழைத்துத் துணியில் தடவி அடுக்கடுக்காக ஒட்டினார். ஐந்தாறு நாள் மல்லாந்து படுக்க வேண்டும். ஏறத்தாழ 25ஆம் நாள் காம்பை அறுத்துவிடலாம். பம்பாயில் இருந்த ஆங்கில மருத்துவர்கள் இருவர் இதைக் கண்ணால் பார்த்ததாக அந்தக் கடிதம் சொல்கிறது.

இதைப் படித்த ஜோசப் கார்ப்யூ என்ற லண்டன் மருத்துவர் பல ஆண்டுகள் பிணங்களின் மீது பழகிவிட்டு, 1814 அக்டோபரில் ஓர் இராணுவ அதிகாரிக்கு நெற்றித் தோலால் மூக்கு வைத்தார். 1816இல் புத்தகமாக எழுதினார். அதிலிருந்துதான் இந்த முறை ஐரோப்பா முழுவதும் பரவியது. புற்றுநோயால் மூக்கை இழப்பவர்களுக்கு இன்றும் நெற்றியிலிருந்தே தோல் எடுக்கிறார்கள். காம்பை ஏறக்குறைய மூன்று வாரம் கழித்தே அறுக்கிறார்கள். புனேக்காரரின் பெயரை அந்தக் கடிதம் குறிக்கவில்லை.

கார்ப்யூவின் நோயாளி மூக்கை இழந்தது வேறொரு நோய்க்குக் கொடுத்த பாதரச மருந்தால். அதை அவர் தெளிவாக எழுதிவைக்க வேண்டியிருந்தது. அமிழ்ந்த மூக்கு என்றாலே அன்றைய ஐரோப்பியர் மனத்தில் எழுந்த முதல் சொல் மேகநோய். அது இறைவன் கொடுத்த தண்டனை, ஒழுக்கம் கெட்டவனை ஊருக்கு அடையாளம் காட்டும் முத்திரை என்று பிரசங்க மேடைகள் சொல்லி வந்தன. அப்படியானால் மூக்கு வைக்கும் மருத்துவன் இறைவன் எழுதியதை அழிக்கிறவனாகிறான். போலோஞாவில் மேற்கைத் தோலால் மூக்கு வைத்த காஸ்பாரே தாலியாகோசி 1597இல் இதற்குப் பதில் சொல்வதுபோல் எழுதினார்: தன் வேலை பார்க்கிறவர் கண்ணை மகிழ்விப்பதைவிட, பாதிக்கப்பட்டவனின் மனத்தை நிமிர்த்துவதற்கே என்று. அவர் செத்த பிறகு அவர் மீது மாந்திரீகப் பழி வந்ததாகச் சொல்வார்கள். நையாண்டிக்காரர்கள் சும்மா இருக்கவில்லை. இன்னொருவன் சதையில் செய்த மூக்கு, அந்த ஆள் செத்த அன்றே அழுகி விழும் என்று எழுதிச் சிரித்தார்கள். தாலியாகோசி பயன்படுத்தியது நோயாளியின் சொந்தக் கையை. கேலி செய்தவர்களுக்கு அது முக்கியமாகப் படவில்லை.

சமய நூல்களைச் சரியாகப் படித்தவர்கள் இந்தக் கேள்வியை இவ்வளவு முரட்டுத்தனமாகக் கையாளவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். இஸ்லாத்தில் ஆண்களுக்குத் தங்கம் தடுக்கப்பட்டது. ஆனால் குலாப் போரில் மூக்கை இழந்த அர்ஃபஜா என்பவர் வெள்ளி மூக்கு வைத்துக்கொள்ள, அது நாற்றம் எடுத்தபோது, தங்கத்தில் செய்து வைத்துக்கொள்ளுமாறு நபிகள் நாயகம் (ஸல்) சொன்னதாக அபூதாவூத், திர்மிதி தொகுப்புகளில் ஹதீஸ் இருக்கிறது. அதே மரபில், அழகுக்காகப் பல்லை அராவி இடைவெளி உண்டாக்குவோர் அல்லாஹ்வின் படைப்பை மாற்றுகிறவர்கள் என்ற கண்டனமும் இருக்கிறது. இழந்ததை மீட்பது ஒன்று, இருப்பதை மினுக்குவது வேறு என்று மார்க்க அறிஞர்கள் இவ்விரண்டையும் இணைத்து விளக்கம் சொல்கிறார்கள். கத்தோலிக்கத்தில் பன்னிரண்டாம் பயஸ் 1958 அக்டோபர் 4 அன்று இத்தாலியப் பிளாஸ்டிக் சர்ஜன்களிடம் பேசினார். அழகுக்கான அறுவை தன்னளவில் பாவமில்லை, நோக்கத்தைப் பார்க்க வேண்டும் என்றார். பிறரை மயக்கவோ, குற்றவாளி ஒருவன் சட்டத்திலிருந்து தப்பவோ என்றால் தவறு. ஐந்து நாள் கழித்து அவர் இறந்துபோனார்.

இந்த விவாதங்களில் கூர்மையானது யூத மரபிலிருந்து வருகிறது. எலியேசர் வால்டன்பர்க் என்ற ரபி, மருத்துவனுக்குக் கடவுள் கொடுத்த அனுமதி நோயைக் குணப்படுத்த மட்டுமே, முகத்தை மாற்றி அமைக்க இல்லை என்று மறுத்தார். திருமணத்துக்காகத் தன் தோற்றத்தைத் திருத்திக்கொள்ள விரும்பிய ஒரு பெண்ணைப் பற்றி 1964இல் மோஷே ஃபைன்ஸ்டைன் என்ற ரபியிடம் கேட்டார்கள். அவர் மைமோனிடிசின் சட்டநூலைத் திறந்தார். மனித உடலைக் காயப்படுத்துவது குற்றம் என்று அங்கே இருக்கிறது. ஆனால் சண்டையிலோ இழிவுபடுத்தவோ செய்யும் காயத்தையே அது குறிக்கிறது. அந்தப் பெண்ணின் உடலில் படும் கத்தி அவளை இழிவுபடுத்தவில்லை, ஆகவே தடையில்லை என்று தீர்ப்புச் சொன்னார். படைத்தவன் எப்படிப் படைத்தான் என்ற ஆராய்ச்சியை விட்டுவிட்டு, கத்தி எதற்காக இறங்குகிறது என்று பார்த்த தீர்ப்பு இது. செருத்துணையாரின் வாளையும் புனேக்காரரின் கத்தியையும் பிரித்துக் காட்டும் அளவுகோல் வேறெங்கும் இவ்வளவு எளிமையாகக் கிடைக்காது.

மீட்பது, மினுக்குவது என்ற பிரிவும் பார்க்கிற அளவுக்கு உறுதியானதில்லை. பிறவியிலேயே உதடு பிளந்து பிறக்கும் குழந்தையை எடுத்துக்கொள்ளலாம். உலகில் ஏறத்தாழ 700 குழந்தைகளில் ஒன்றுக்கு உதட்டிலோ அண்ணத்திலோ பிளவு இருக்கிறது. இந்த முகத்தை எந்த மனிதனும் அறுக்கவில்லை. படைப்பை மாற்றக் கூடாது என்ற கொள்கைக்கு இதைவிடச் சுத்தமான சோதனை கிடையாது. ஆனாலும் உதட்டுப் பிளவைத் தைக்கக் கூடாது என்று கோயிலோ பள்ளிவாசலோ தேவாலயமோ சொல்லிக் கேட்டதுண்டா? அண்ணம் பிளந்தால் பால் குடிக்க முடியாது, பேச்சு மூக்கால் வரும். அது உடல் தேவை. உதடு மட்டும் லேசாகப் பிளந்த குழந்தை பாலும் குடிக்கும், பின்னால் பேசவும் செய்யும். அங்கே தைப்பது பெரும்பாலும் தோற்றத்துக்காகத்தான். அதையும் எல்லாச் சமயமும் மனமார ஏற்கிறது. ஆகவே இழந்ததை மீட்பது என்ற விதி இங்கே பொருந்தாது. அந்தக் குழந்தை முழு உதட்டை ஒருபோதும் பெற்றிருக்கவில்லை.

1950களில் இந்த அறுவைக்குப் புது வழி கண்ட ரால்ஃப் மில்லர்டு என்ற அமெரிக்க மருத்துவர் பார்த்த விதம் வேறு. உதட்டில் எதுவும் காணாமல் போகவில்லை, இருக்கிற பாகங்கள் இடம் மாறி மேலே இழுபட்டிருக்கின்றன. ஒரு பக்கத்தைச் சுழற்றி இறக்கி, மறுபக்கத்தை முன்னே நகர்த்தினால் உதடு தன் இடத்துக்கு வந்துவிடும். இன்று உலகெங்கும் உதட்டைத் தைக்கிறவர்கள் பலரும் அவர் போட்ட கோட்டை ஒட்டியே கீறுகிறார்கள்.

தமிழ்நாட்டில் இந்தக் குழந்தைக்கு வேறு ஒரு விளக்கம் ஏற்கெனவே தயாராக இருக்கும். கிரகணத்தன்று கர்ப்பிணி வெளியே வந்தாள், அரிவாளைத் தொட்டாள், காய் நறுக்கினாள். பிரசவ வார்டில் பச்சை உடம்போடு படுத்திருப்பவளிடம் மாமியார் முதலில் கேட்பது, "கிரகணத்துல வெளிய வந்தியாடி?" என்பதுதான். பல மரபணுக்களும், கருவின் தொடக்க வாரங்களில் சேரும் சில மருந்துகளும், புகையும் சேர்ந்து உண்டாக்குகிற ஒன்றுக்கு ஒரு பெண்ணின் கை பொறுப்பாகிவிடுகிறது. யாரும் அறுக்காத முகத்துக்கும் அறுத்தவள் ஒருத்தி தேவைப்படுகிறாள்.

பிறவி முகத்துக்குக் குற்றம் சுமத்துவது பெர்லினில் இன்னொரு வேடத்தில் நடந்தது. கோனிக்ஸ்பெர்க்கில் யூதக் குடும்பத்தில் யாக்கோப் என்ற பெயரோடு பிறந்து, மாணவப் பருவத்தில் ஜாக் என்று பெயரை மாற்றிக்கொண்ட டாக்டர் ஜோசஃபின் கன்னத்தில் வாள்சண்டைத் தழும்பு இருந்தது. ஜெர்மன் மாணவர்கள் பெருமையாகத் தாங்கும் தழும்பு. 1896இல், காது விடைத்து நின்றதால் பள்ளியில் கேலிக்கு ஆளான ஒரு சிறுவனுக்கு அவர் அறுவை செய்தார். நோயில்லாத உடம்பில் கத்தி வைத்தது அவர் வேலை பார்த்த மருத்துவமனைத் தலைவருக்குப் பொறுக்கவில்லை, வேலை போனது. 1898இல் அவர் ஒருவரின் பெரிய மூக்கைச் சிறிதாக்கினார். பின்னாளில் அவரிடம் வந்தவர்களில் பலர் யூதர்கள். அழகாக வேண்டும் என்பதைவிட, தெருவில் யாரும் திரும்பிப் பார்க்காமல் நடக்க வேண்டும் என்பதே அவர்களில் பலரின் ஆசை.

இது வேஷமா? வேஷம் என்றே வைத்துக்கொள்ளலாம். ஒரு மூக்கின் வளைவைக் குற்றப்பத்திரிகையாக மாற்றியது யார் என்ற கேள்வி அதற்கு முன்னால் வருகிறது. ஜோசஃப் 1934இல் இறந்தார். அப்போது ஜெர்மனியில் ஹிட்லர் ஆட்சிக்கு வந்து ஓராண்டு ஆகியிருந்தது. மூக்கைத் திருத்திக்கொண்டவர்கள் அடுத்த சில ஆண்டுகளில் கண்டது, அரசு மூக்கைப் பார்க்கவில்லை, தாத்தா பாட்டியின் பிறப்புப் பதிவேட்டைப் பார்த்தது என்பதை.

2015இல் வத்திக்கானின் பண்பாட்டுக் கழகம் பெண்களைப் பற்றி வெளியிட்ட ஓர் ஆவணத்தில் பிளாஸ்டிக் சர்ஜரியைச் சதையால் ஆன புர்கா என்று குறித்திருந்தது. அந்த உவமைக்காகப் பல பக்கமிருந்தும் அடி வாங்கியது. உவமை மோசமானதுதான். ஆனால் ஒரு பெண் கத்திக்குக் கீழே படுப்பதற்கு முன்பே அவளைப் பார்த்த கண்கள் அந்தக் கத்தியைத் தீட்டி வைத்துவிடுகின்றன என்ற கவலை அதற்குள் இருந்தது. அதை மட்டும் தூக்கி எறிந்துவிட முடியாது.

இந்தக் கவலையையும் மீறி, கத்தியே சரி என்று சொல்ல வைக்கும் இடம் வேலூர்.

கொல்லிமலையில் ஊழியம் செய்த தம்பதியின் மகன் பால் பிராண்ட், 1946இல் வேலூர்ச் சி.எம்.சி. மருத்துவமனைக்கு எலும்பு அறுவை மருத்துவராக வந்தார். செங்கல்பட்டுத் தொழுநோய் மருத்துவமனைக்குப் போன அன்று, மடங்கிய விரல்களைப் பார்த்து இவற்றை ஏன் யாரும் சரிசெய்யவில்லை என்று கேட்டார். அழுகி விழும் நோய் என்றே மருத்துவர்களும் நம்பியிருந்த காலம். வலியுணர்வு போனதால் ஏற்படும் காயங்கள்தான் விரல்களைத் தின்கின்றன என்று அவர் காட்டினார். அதற்குள் சல்போன் மருந்துகள் வந்துவிட்டிருந்தன. கிருமியை ஒழிக்க முடிந்தது. கிருமி போன பிறகும் முகம் அப்படியே இருந்தது.

தொழுநோய்க் கிருமி குளிர்ந்த இடம் தேடும். மூச்சுக்காற்று குளிர்விக்கும் மூக்கின் உட்சவ்வு அதற்கு ஏற்ற இடம். உள்ளே சவ்வும் குருத்தெலும்பும் சுருங்கிப்போக, வெளித்தோல் முழுதாக இருந்தும் மூக்கு உள்ளே அமிழ்ந்துவிடும். புருவ மயிர் உதிர்ந்துவிடும். இந்த இரண்டு அடையாளங்கள் போதும். பஸ்ஸில் ஏற்ற மாட்டார்கள், கடையில் காசை வாங்க மாட்டார்கள், வேலை கிடைக்காது. சோதனையில் கிருமி இல்லை என்ற சீட்டைக் காட்டினாலும் பயனில்லை. மருத்துவக் கணக்கில் குணமானவர், ஊர்க் கணக்கில் நோயாளி.

அமிழ்ந்த மூக்கை உயர்த்த, மேலுதட்டின் உட்புறம் வழியாக உள்ளே போய், சுருங்கிய உள்தோலை விடுவித்து, அச்சின் மேல் போர்த்திய மெல்லிய தோலை உள்ளே வைத்து அதைப் பிடிக்கச் செய்வார்கள். முதல் உலகப் போரில் சிதைந்த முகங்களைச் சீராக்கிய ஹெரால்டு கில்லிஸ் வகுத்த வழி. புருவத்துக்கு, தலைமயிரோடு கூடிய தோல்துண்டை அதன் இரத்தக் குழாயோடு பொட்டுப் பக்கம் தோலுக்கடியில் இழுத்து வந்து புருவ இடத்தில் பதித்தார்கள். தலைமயிர் தலைமயிராகவே வளரும். அடிக்கடி வெட்டிவிட வேண்டும். சிலர் வெட்ட மறுத்தார்கள் என்று பிராண்ட் நினைவுகூர்ந்திருக்கிறார். இல்லாமல் போயிருந்த புருவம் கண்ணை மறைக்கும் அளவுக்கு வளர்ந்து தொங்குவதில் அவர்களுக்குப் பெருமை.

இது மீட்பா, மினுக்கா? புருவம் பார்வைக்கோ மூச்சுக்கோ தேவைப்படும் உறுப்பில்லை. கண்டிப்பான சமய விதிப்படி இதை அழகுப் பக்கம் எழுதிவிடலாம். ஆனால் அந்தப் புருவம் இல்லாதவரைக் கோயில் வாசலில் பிச்சைக்காரர் வரிசையில் உட்கார வைத்ததும், முன்வினை என்று காரணம் சொன்னதும் அதே சமயச் சமூகம். பழைய பௌத்த வினய விதிகள் மூக்கறுந்தவரைத் துறவியாக்கத் தடை போட்டன. லேவியராகமம் மூக்குச் சப்பையானவனைப் பலிபீடத்துக்கு அருகே விடவில்லை. தொழுநோயை மணமுறிவுக்குக் காரணமாக வைத்திருந்த இந்து திருமணச் சட்டப் பிரிவு நீக்கப்பட்டது 2019இல்தான். வேலூரில் அறுவை நடந்தது நோயாளியின் முகத்தில். குணப்படுத்த வேண்டியிருந்தது எதிரே நின்றவரின் கண்ணை. அந்தக் கண்ணுக்கு மருந்து கிடையாது என்பதால் மருத்துவர் முகத்தைத் தொட்டார். அதில் ஓர் அநியாயம் இருக்கிறது. அதற்காக அந்தப் புருவத்தை மறுத்திருந்தால் அது இன்னும் பெரிய அநியாயம்.

2005 நவம்பர் 27 அன்று பிரான்சின் அமியான் நகரில் கேள்வி வேறு இடத்துக்குப் போனது. வளர்ப்பு நாய் கடித்து மூக்கும் உதடும் மோவாயும் போன இசபெல் தினுவார் என்ற பெண்ணுக்கு, மூளைச்சாவு அடைந்த இன்னொரு பெண்ணின் முகப்பகுதி பொருத்தப்பட்டது. உலகிலேயே முதல் முறை. அதற்கு முந்தைய ஆண்டுதான் பிரான்சின் அறநெறிக் குழு முழுமுக மாற்றத்தை ஏற்காமல், வாய்-மூக்குப் பகுதிக்கு மட்டும், அதுவும் ஆபத்தான ஆராய்ச்சி என்ற எச்சரிக்கையோடு வழிவிட்டிருந்தது. 17ஆம் நூற்றாண்டு நையாண்டிக்காரர்களின் கற்பனை உண்மையாகிவிட்டது, ஒரே வித்தியாசம், கொடுத்தவர் இறந்த பிறகே மூக்கு வாழத் தொடங்கியது.

தன் மோவாயில் இதுவரை இல்லாத ஒரு மயிர் முளைத்ததைத் தினுவார் கண்டார். அதற்கு உயிர் கொடுப்பது தான், ஆனால் மயிர் முகம் கொடுத்தவளுடையது என்ற பொருளில் அதைப் பற்றிப் பேசினார். ஆன்மா எந்த உறுப்பில் இருக்கிறது என்று தத்துவவாதிகள் நூற்றாண்டுக்கணக்கில் வாதிட்டதைவிட இந்த ஒற்றை மயிர் தெளிவான சிக்கல். சிறுநீரகத்தை வாங்கிக்கொண்டவர் அதைக் கண்ணாடியில் பார்ப்பதில்லை.

உடல் புது முகத்தை நிராகரிக்காமலிருக்க அவர் வாழ்நாள் முழுக்க மருந்து சாப்பிட வேண்டியிருந்தது. அந்த மருந்துகள் எதிர்ப்பாற்றலைக் குறைக்கும், புற்றுநோய்க்கு இடம் கொடுக்கும். உயிரைக் காப்பாற்றாத ஓர் அறுவைக்காக ஆயுளைக் குறைத்துக்கொள்ளலாமா என்று கேட்டவர்கள் இருந்தார்கள். முகமில்லாமல் வாழும் ஆண்டுகளை ஆயுள் என்று எப்படிக் கணக்கிடுவது என்று பதில் சொன்னவர்களும் இருந்தார்கள். தினுவார் 2016இல், 49 வயதில் இறந்தார். அதற்கு முன்பே உதடுகளின் அசைவை ஓரளவு இழந்திருந்தார். இன்றுவரை உலகில் சுமார் 50 பேருக்கு இத்தகைய அறுவை நடந்திருக்கிறது.

அறுவைக்குப் பிந்தைய ஆண்டுகளைப் பற்றி 2012இல் பிபிசியிடம் தினுவார் பேசினார். முகம் வந்த பிறகும் ஊரார் தன்னைச் சர்க்கஸ் மிருகத்தைப் பார்ப்பதுபோல் அருகில் வந்து உற்றுப் பார்த்தார்கள் என்றார்.